வீட்டுச் சோதனையும் கைப்பேசிப் படமும்

நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரியின் வடகரையில், மோகனூர் என்னும் எம் ஊர் அமைந்துள்ளது. கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்கால்களும் நிறைந்த ஊர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்றும் அங்குண்டு. நாமக்கல் கவிஞர் எனத் தமிழுலகம் போற்றும் இராமலிங்கம் பிள்ளையவர்கள் 1888-ஆம் ஆண்டிற் பிறந்தது இவ்வூரிலேதான். அவர் கவிஞர் மட்டுமல்லர்; தேர்ந்த ஓவியரும் ஆவர். ஓவியம் தீட்டுவோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. ஒரு பொருளின் நிறம் என்பது அப்பொருளை மட்டும் பொறுத்ததன்று; அதன்மேல் விழும் ஒளியையும், அதனைக் காணும் கண்ணையும் பொறுத்ததாகும். பகலிற் பசுமையாய்த் தோன்றும் வெற்றிலை, இரவில் விளக்கொளியில் வேறொரு நிறங் காட்டும். ஓவியர்க்கு இஃது ஓர் அழகுச் செய்தி. நோயாளிக்கோ இஃது உயிர்ச் செய்தியாகவும் ஆகிவிடலாம். அஃது எவ்வாறென்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் பெரிய தந்தையார் கொடிக்கால் வைத்து வாழ்பவர். பத்தாண்டுகளாக நீரிழிவு உடையவர். அவருடைய மகனார் பெங்களூரிற் பணிபுரிகின்றார். தந்தையாரின் கால்கள் மாலை வேளைகளில் வீங்குகின்றன என்று கேள்வியுற்ற அவர், சிறுநீரிற் சர்க்கரையும் புரதமும் இருப்பின் நிறம் மாறிக் காட்டும் சோதனைப் பட்டைகள் அடங்கிய சிமிழ் ஒன்றை வாங்கி அனுப்பினார். ஒரு நாள், அந்தி மயங்கிய பின்னர், மஞ்சள் ஒளி தரும் குண்டு விளக்கின் கீழே, பெரிய தந்தையார் ஒரு பட்டையை நனைத்து, அதனைக் கைப்பேசியாற் படமெடுத்து, வாட்ஸப் வழியே மகனுக்கு அனுப்பினார். புரதம் இல்லையெனில் மஞ்சள், உளதெனிற் பச்சை என்பது சிமிழின்மேல் அச்சிட்டிருந்த நிற அட்டவணை. படத்தைக் கண்ட மகனார், “மஞ்சளாகத்தான் இருக்கிறதப்பா, கவலை வேண்டாம்” என்றார். வீட்டார் அனைவரும் மனந் தேறினோம்.

இரண்டு வாரங்கள் சென்றன. வீக்கம் வடியவில்லை. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ஆம் நாள் தமிழ்நாட்டரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின்படி, இல்லந்தோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் தன்னார்வலர் ஒருவர் அப்பொழுது எம் வீட்டிற்கு வந்தார். பெரிய தாயார் அவரிடம் நடந்ததைக் கூற, அவ்வம்மையார், “விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் நிறம் தெரியாதுங்க அம்மா. நாளைக்குக் காலையில் முதன்முதல் போகும் நீரில் நனைத்து, திண்ணைக்குக் கொண்டுவந்து பாருங்க” என்றார். மறுநாட் காலையில் அவ்வாறே செய்தபோது, பட்டை ஐயத்திற்கு இடமின்றிப் பச்சை நிறங் காட்டிற்று. அன்றே பெரிய தந்தையார் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றார். ஆய்வுக்கூடச் சோதனையும் அதனையே உறுதி செய்தது. சிறுநீரகம் பழுதுறத் தொடங்கியிருந்தது.

மகனார் பொய் கூறினாரல்லர். கைப்பேசியும் பொய் கூறிற்றன்று. அவ்வொளியில் எவ்வாறு தோன்றிற்றோ அவ்வாறே அது படம் பிடித்தது. பின்னர்ப் பிழை நேர்ந்தது எங்கே? இதற்கு விடை காண வேண்டுமாயின், பட்டை எவ்வாறு வேலை செய்கின்றது, கைப்பேசி எவ்வாறு காண்கின்றது என்னும் இரண்டையும் அறிதல் வேண்டும்.

சிறுநீரைக் கண்டு நோயறிதல் நம்மவர்க்குப் புதியதன்று. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் எனச் சித்த மருத்துவத்தார் எண்வகைத் தேர்வு வகுத்தனர். அவற்றுள் இறுதியிற் கூறியது நீர்க்குறி, நெய்க்குறி என இருவகைப்படும். நீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகியவற்றைக் காண்பது நீர்க்குறி. அந்நீரின்மேல் நல்லெண்ணெய்த் துளி ஒன்றை விட்டு, அது பாம்புபோல் நீள்கின்றதா, மோதிரம்போல் வளைகின்றதா, முத்துப்போல் நிற்கின்றதா எனக் கண்டு, வாதம், பித்தம், கபம் எனத் துணிவது நெய்க்குறி. அதிகாலை நீரையே எடுத்தல் வேண்டும் என்று அவர்கள் கருதியதும் ஈண்டு நினைத்தற்குரியது. மாதிரி எப்பொழுது எடுக்கப்பட்டது என்பதும் சோதனையின் ஒரு பகுதியே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நம் கல்லூரி இரசாயனக் கூடத்திற் பயின்ற மாணவர் எவரும் பெனடிக்டுக் கரைசலை மறவார். நீல நிறமான அக்கரைசலிற் சர்க்கரை கலந்த நீரை விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரையின் அளவிற்கேற்பப் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கல் நிறம் எனப் படிப்படியாக மாறும். நீண்ட காலம் மருத்துவ நிலையங்களில் நீரிழிவை அறிந்தது இவ்வாறே. அடுப்பும் குழாயும் இன்றி வீட்டிலேயே இதனைச் செய்ய வழி பிறந்தது 1956-ஆம் ஆண்டில். அமெரிக்க நாட்டில் ஏம்ஸ் என்னும் நிறுவனத்தைச் சார்ந்த ஆல்பிரட் பிரீ, ஹெலன் பிரீ என்னும் தம்பதியர் உழைப்பால், ‘கிளினிஸ்டிக்ஸ்’ என்னும் நனைத்துப் பார்க்கும் பட்டை அவ்வாண்டில் வெளிவந்தது. புரதங் காட்டும் பட்டையும் அடுத்து வந்தது.

இப்பட்டைகளின் நுனியிற் சிறு சிறு சதுரங்கள் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இரசாயனப் பொருள் ஊறி உலர்ந்திருக்கும். சர்க்கரைச் சதுரத்தில் உள்ள நொதி குளுக்கோசை ஆக்சிஜனோடு சேர்த்து ஐதரசன் பெராக்சைடை உண்டாக்கும். அது மற்றொரு நொதியின் துணையால் ஒரு சாயத்தை நிறம் மாற்றும். புரதச் சதுரத்திலோ, அமில காரங்களைக் காட்டும் இயல்புடைய சாயம் ஒன்று, அமில நிலை மாறாதபடி கட்டுப்படுத்தப்பட்டு நிற்கும். புரதம் வந்து சேரின், அமிலம் குறையாதிருக்கவும் குறைந்தாற்போல் அச்சாயம் ஏமாந்து மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும். மாற்றம் நேர்வதற்கு ஒரு கால அளவு உண்டு. ஒரு சதுரத்தை 30 விநாடியிலும், மற்றொன்றை 60 விநாடியிலும், வேறொன்றை 2 நிமிடத்திலும் பார்க்க வேண்டும் எனச் சிமிழின்மேல் எழுதியிருக்கும். அக்காலத்திற்கு முன் பார்ப்பின் நிறம் முற்றாது. நெடுநேரங் கழித்துப் பார்ப்பின் நிறம் தன் போக்கில் மாறிக்கொண்டே செல்லும்.

இனிக் கைப்பேசி காணும் முறையைக் கூறுவாம். அதன் கண்ணாடி வில்லைக்குப் பின்னால், ஒளியை அளக்கும் நுண்ணிய புள்ளிகள் கோடிக்கணக்கில் உள. அப்புள்ளிகள் ஒளியின் அளவை அறியுமேயன்றி நிறத்தை அறியா. ஆதலின் அவற்றின்மேற் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவகை வடிகட்டிகள் சதுரங்கக் கட்டம்போற் பொருத்தப்படுகின்றன. கோடக் நிறுவனத்தைச் சார்ந்த பிரைஸ் பேயர் என்பார் 1976-இற் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அதிற் பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்திற்கும் உரியன. ஆகவே கைப்பேசிக்கு நிறம் என்பது மூன்று எண்களே. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை அமையும்.

எண்களாக இருத்தலின் நன்மை யாதெனிற் கணக்கிட்டுத் திருத்தலாம். எம் பெரிய தந்தையாரின் பட்டையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்; எண்கள் விளக்கத்தின்பொருட்டு யாம் அமைத்தவை. குண்டு விளக்கின் கீழே, புரதச் சதுரத்தின் எண்கள் சிவப்பு 200, பச்சை 189, நீலம் 90 என வந்தன என்க. சிவப்பும் பச்சையும் ஏறத்தாழ ஒத்து, நீலம் குறைந்தால் அது மஞ்சள். எனவே புரதம் இல்லை என்று தோன்றும். ஆனால் அப்பட்டைக்கு அருகிலேயே ஒரு வெள்ளைச் சதுரமும் அதே படத்தில் இருந்திருப்பின்? வெள்ளைக்கு மூன்று எண்களும் ஒத்திருத்தல் வேண்டும். அவ்விளக்கிலோ அது சிவப்பு 250, பச்சை 225, நீலம் 150 எனக் காட்டுகின்றது என்க. விளக்கே மஞ்சள் பூசியிருக்கின்றது என்பது இதனால் வெளிப்படும். இனிப் பட்டையின் எண்களை வெள்ளையின் எண்களால் வகுத்துப் பாருங்கள். சிவப்பு நூற்றுக்கு 80. பச்சை நூற்றுக்கு 84. நீலம் நூற்றுக்கு 60. சிவப்பைப் பச்சை மிஞ்சிவிட்டது! மஞ்சளெனத் தோன்றியது உண்மையில் இளம்பச்சையே. ஒரு சிறு வெள்ளைச் சதுரம் செய்யும் நன்மை இத்துணைப் பெரிது.

இக்காரணத்தால், வீட்டுச் சோதனைக்கென முறைப்படி அமைந்த கைப்பேசிச் செயலிகள், பட்டையை வெறுமனே படமெடுக்க விடுவதில்லை. வெள்ளை முதலிய பல நிறங்கள் அச்சிட்ட ஓர் அட்டையின்மேற் பட்டையை வைக்கச் சொல்லும்; நனைத்த கணத்திலிருந்து தாமே நேரத்தை எண்ணும்; நிழல் விழுந்தாலோ, கை நடுங்கிப் படம் மங்கினாலோ, ஒளி போதாவிட்டாலோ, “மீண்டும் எடுக்க” என்று கூறிப் படத்தை ஏற்க மறுக்கும். இம்மறுப்பே அவற்றின் தலைசிறந்த குணம் என்பது எம் கருத்து. அன்பினாற் பார்க்கும் மகனின் கண் மறுக்காது. நல்ல செய்தியையே விரும்பும். ஐயுற்ற படத்தை ஏற்காத கருவியோ அச்சார்பு அற்றது. இஸ்ரேல் நாட்டு ஹெல்தி.ஐஓ என்னும் நிறுவனம் இவ்வகையில் அமைத்த சிறுநீரகச் சோதனைக்கு, அமெரிக்க நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2022-ஆம் ஆண்டில் அனுமதி வழங்கிற்று. அச்சோதனை ஆல்புமின் என்னும் புரதத்தை மட்டும் அளப்பதன்று. கிரியாட்டினின் என்னும் பொருளையும் அளந்து, இரண்டிற்கும் உள்ள விகிதத்தைக் கூறுவது. மிகுதியாக நீர் பருகியவரின் சிறுநீர் நீர்த்திருக்கும். வெயிலில் உழைத்தவரின் சிறுநீர் செறிந்திருக்கும். விகிதம் காண்பதால் அவ்வேறுபாடு நீங்கும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமைத் தாண்டினாற் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவர் கொண்ட அளவு. சாதாரணப் பட்டைகள் இத்துணைச் சிறு கசிவைப் பெரும்பாலும் காட்டமாட்டா.

ஏன் இவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்று சிலர் வினவலாம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் முன்னின்று நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பேராய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என 2023-ஆம் ஆண்டில் வெளியிட்டது. நீரிழிவு சிறுநீரகத்தைத் தாக்குங்கால் தொடக்கத்தில் வலியில்லை, காய்ச்சலில்லை. புரதக் கசிவு ஒன்றே முதல் அறிகுறி. கால் வீங்கும் நாளில் நோய் பாதி வழி வந்திருக்கும். கசிவை முன்னரே அறியின், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மருந்தினாற் கட்டுப்படுத்திச் சிறுநீரகத்தைப் பல்லாண்டு காக்கலாம். அறியாவிடின், இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தி செய்யும் நிலைக்கு வந்து சேர்வர். ஒரு சதுரத்தின் மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடையே இருப்பது இத்துணையும் ஆம்.

நம் நாட்டு மக்கள் பெருவாரியாக இம்முறையை அறிந்தது கொரோனாக் காலத்தில். 2021-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், புனே நகரத்து மைலேப் நிறுவனத்தின் ‘கோவிசெல்ப்’ என்னும் சோதனையை வீட்டிலேயே செய்துகொள்ள நெறிமுறை வெளியிட்டது. மூக்கினின்று எடுத்த மாதிரியைக் கரைசலிற் கலந்து, அதனைக் கருவியிற் சொட்டுகளாக இட வேண்டும். 15 நிமிடத்திற் கோடு தோன்றும். 20 நிமிடத்திற்குப் பின் தோன்றுவது செல்லாது. ஒரு கோடு மட்டும் ‘சி’ என்னும் எழுத்தருகே தோன்றின் தொற்றுக் காணப்படவில்லை. ‘டி’ என்னும் எழுத்தருகேயும் தோன்றின் தொற்று உண்டு. ‘சி’ அருகே கோடே இல்லையெனிற் சோதனையே செல்லாது. சோதனை முடிந்தபின், செயலியைப் பதிந்த அதே கைப்பேசியாற் கருவியைப் படமெடுத்தல் வேண்டும் என்பது விதி. முடிவு நாட்டின் பொதுக் கணக்கில் சேர்வதற்கும், படம் சான்றாக நிற்பதற்கும் அவ்விதி உதவிற்று.

அந்நெறிமுறையிற் கண்ட மற்றொரு விதியே நாம் மறவாதிருக்கத்தக்கது. நோய்க்குறி உடையவர்க்குச் சோதனை ‘இல்லை’ என்று கூறினும், அதனை நம்பி இருந்துவிடலாகாது, உடனே ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை செய்துகொள்ளல் வேண்டும். ‘உண்டு’ என்று கூறினாலோ மறுசோதனை வேண்டுவதில்லை. ‘உண்டு’ என்னும் சொல்லுக்கும் ‘இல்லை’ என்னும் சொல்லுக்கும் இங்கு ஒரே மதிப்பு இல்லை. மூக்கிற் குச்சியை ஆழ்ந்து செலுத்தாதவனுடைய கருவியும் அழகிய ஒற்றைக் கோட்டைக் காட்டும். அதன் படமும் தெளிவாகவே அமையும். மாதிரியின் குறையைப் படம் காட்டாது.

கண்ணினும் கைப்பேசி நன்கு காணும் இடமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் குவாசுலு-நேட்டால் என்னும் நாட்டுப்புறப் பகுதியில், எச்.ஐ.வி. சோதனைக் கருவிகளின் படங்கள் 11,000-க்கு மேல் திரட்டி, அவற்றைக் கொண்டு கணினிக்குக் கோடுகளைப் படிக்கப் பழக்கினர். 2021-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில், களப் பணியாளர் கண்ணாற் கண்டு கூறியவற்றில் நூற்றுக்கு 92.1 சரியாயின, கணினி கூறியவற்றில் 98.9 சரியாயின. மங்கிய கோட்டைக் கண்டு மனிதர் தயங்குகின்றனர். கணினி அத்துணைத் தயங்குவதில்லை. மருத்துவர் அரியராய், ஆய்வுக்கூடம் தொலைவாய் உள்ள ஊர்களுக்கு இஃது ஒரு பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், படம் அறியாதன சில உள. இம்மாதிரி யாருடையது என்பதை அது அறியாது. காலை நீரா, மாலை வரை வெயிலில் வைத்த நீரா என்பதை அறியாது. சிமிழின் மூடி திறந்து கிடந்து, ஈரக் காற்றினாற் பட்டைகள் கெட்டுப்போனமையை அறியாது. வைட்டமின் சி மாத்திரையை மிகுதியாக உண்டவரின் சிறுநீரிற் சர்க்கரை இருந்தும் பட்டை குறைத்துக் காட்டலாம் என்பதையும் அறியாது. இவற்றை அறிய வேண்டியவர் சோதனை செய்பவரே. இன்னொன்று: அனுப்பப்படும் படம் ஒருவருடைய உடலின் இரகசியம். அதனை உறவினர் குழுக்கள் பலவற்றில் இடுதல் தகாது. செயலி அப்படத்தை எங்கே வைக்கின்றது, யாருக்குக் காட்டுகின்றது என்பதைப் படித்தறிந்த பின்னரே ஒப்புதல் தரல் வேண்டும்.

“கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் நாட்டுப் பழமொழி. கைப்பேசி நமக்குத் தந்திருப்பது இன்னொரு கண். அக்கண்ணும் விசாரணைக்கு உட்பட்டதே. ஒளி எத்தகையது, நேரம் எவ்வளவு, மாதிரி எவ்வாறு எடுக்கப்பட்டது, ஒப்பிட நிற அட்டை உண்டா, உடல் கூறுவதும் பட்டை கூறுவதும் ஒத்துள்ளனவா என்னும் ஐந்து வினாக்களே அவ்விசாரணை. எம் வீட்டில் ஐந்தாவது வினாவை எவரும் கேட்டிலேம். காலோ வீங்கியிருந்தது; பட்டையோ நலம் என்றது. இரண்டும் முரண்பட்டபோது காலை நம்பியிருக்க வேண்டிய யாங்கள் படத்தை நம்பினோம்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் நீவிர் ஊர் செல்லுங்கால், உங்கள் கையிலும் இத்தகைய பட்டைகளும் படங்களும் வந்து சேரும். படித்த பிள்ளை என்று உங்களிடமே காட்டுவர். உங்கள் சொல்லையே நம்புவர். “நன்றாக இருக்கிறது” என்று கூறுமுன் சற்றே நில்லுங்கள். பகலொளியில் மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். சிமிழின் காலாவதி நாளைப் பாருங்கள். கடிகாரம் வைத்துப் பாருங்கள். அருகே ஒரு வெள்ளைத் தாளையேனும் வையுங்கள். ஐயம் இருப்பின், “எனக்குத் தெரியவில்லை, மருத்துவரிடம் செல்வோம்” என்று கூற நாணாதீர்கள். 2022-ஆம் ஆண்டு சனவரி மாதம் முதல் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. முன்போலச் சேலத்திற்கே ஓட வேண்டும் என்பதில்லை.

எம் பெரிய தந்தையார் இன்றும் கொடிக்காலுக்குச் செல்கின்றார். உப்பைக் குறைத்துக்கொண்டார்; மருந்து தவறுவதில்லை. மருத்துவர் கூறிய நாட்களிற் காலையில் திண்ணையில் அமர்ந்து, மூக்குக் கண்ணாடியை அணிந்து, பட்டையை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்க்கின்றார். பின்னரே படமெடுத்து மகனுக்கு அனுப்புகின்றார். மகனாரும் இப்பொழுதெல்லாம் உடனே விடை கூறுவதில்லை, “அப்பா, கால் எப்படி இருக்கிறது?” என்று முதலிற் கேட்கின்றார்.